மெமோ கொடுக்க ஆள் இருக்கிறது. என்னவென்று கேட்க ஆள் இல்லை

விடுதியில் ஒரு மாணவன் குடித்துவிட்டுப் பிடிபட்டால் நாகர்கோவிலிலிருந்து ஓசூர் வரை ஏறக்குறைய ஒரே மாதிரிதான் நடக்கிறது. வார்டன் வருகிறார். கட்டிலுக்கு அடியிலிருந்து காலிப் புட்டியை எடுத்து மேசைமேல் வைத்து செல்போனில் படம் எடுக்கிறார். அறையில் இருப்பவர்களை வரிசையாக நிற்க வைத்து “ஊது” என்கிறார். மறுநாள் காலை துறைத்தலைவர் அறை வாசலில் நிற்க வேண்டும். அதற்குள் வீட்டுக்குப் போன் போயிருக்கும். ஜெயங்கொண்டத்திலிருந்தோ செங்கத்திலிருந்தோ முதல் பஸ்ஸைப் பிடித்து வந்த அப்பா, துண்டைக் கையில் சுருட்டிப் பிடித்தபடி, தன்னைவிடப் பத்து இருபது வயது இளைய ஆசிரியரிடம் “இந்த ஒரு தடவை மன்னிச்சுடுங்க சார்” என்கிறார். மன்னிப்புக் கடிதம், அதில் அப்பாவின் கையெழுத்து, 10 நாள் சஸ்பென்ஷன், விடுதியைக் காலி செய்ய உத்தரவு. அத்தோடு கோப்பு முடிந்தது.

அந்தக் கோப்பில் தேதி இருக்கும், அறை எண் இருக்கும், சாட்சிகளின் கையெழுத்து இருக்கும். பையன் எதற்காகக் குடித்தான் என்பது மட்டும் இருக்காது. “ஏண்டா குடிச்ச?” என்று கேட்டிருப்பார்கள்தான். ஆனால் பதிலை எதிர்பார்த்துக் கேட்ட கேள்வி அல்ல அது.

எல்லா மாணவர்களும் மனக்கஷ்டத்தில் குடிப்பதில்லை. பிறந்தநாள் ட்ரீட், கல்லூரி விழா, செமஸ்டர் முடிந்த சந்தோஷம், கூட்டத்தில் ஒருவனாக இருக்கும் ஆசை என்று காரணங்கள் பல. அவர்களில் பெரும்பாலோர் வேலை, குடும்பம் என்று ஆனதும் தாமாகவே குறைத்துக்கொள்கிறார்கள் அல்லது விட்டுவிடுகிறார்கள். விடமுடியாமல் போகிறவர்களில் ஒரு கூட்டம் தனியாகத் தெரிகிறது. இவர்கள் சந்தோஷத்துக்காகக் குடிப்பவர்கள் அல்ல. நெஞ்சு படபடப்பை அடக்கக் குடிப்பவர்கள். நம் கல்லூரிகள் கவனிக்காமல் தவறவிடுவது இவர்களைத்தான். இந்தக் கட்டுரையும் இவர்களுக்காகத்தான்.

எனக்குத் தெரிந்த குடும்பத்துப் பையன் ஒருவன். பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ் வழி, அரசுப் பள்ளி, நல்ல மதிப்பெண். அந்த வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள். மேற்கு மாவட்டம் ஒன்றில் பொறியியல் கல்லூரியில் சேர்ந்தான். பாடம் அவனுக்குப் புரியாமல் இல்லை. ஆங்கிலத்தில் எழுந்து நின்று பேசுவதுதான் முடியவில்லை. செமினார் என்று அறிவித்த நாளிலிருந்து சாப்பாடு இறங்காது. முதல்நாள் இரவு தூக்கம் இருக்காது. மேடையில் ஏறினால் கை நடுங்கும், நாக்கு உலரும், முதல் வரிசையில் யாராவது குனிந்து சிரித்தால் மனப்பாடம் செய்த வரிகூட மறந்துபோகும். முதல் செமினாரில் பாதியில் இறங்கி வந்துவிட்டான். இரண்டாவதற்கு வயிற்றுவலி என்று லீவு போட்டான். மூன்றாவதற்கு முன் அறைத் தோழன் ஒருவன், உதவி செய்கிறோம் என்று நினைத்தே, அரை குவார்ட்டரை மாம்பழ ஜூஸ் பாட்டிலில் கலந்து கொடுத்து “ஒரு தம்ல குடிச்சுட்டுப் போ மச்சி, பயமே இருக்காது” என்றான்.

பயம் இருக்கவில்லை. அன்று அவன் பேசினான். கைதட்டலும் கிடைத்தது.

அதற்குப் பிறகு வைவா, லேப் தேர்வு, இன்டர்னல், பிளேஸ்மென்ட் குழு விவாதம் என்று எதற்கும் அந்த மாம்பழ ஜூஸ் தேவைப்பட்டது. பையில் கிராம்பும் புதினா மிட்டாயும் இருக்கும். நண்பர்கள் மத்தியில் அவன் பெரிய குடிகாரன் அல்ல. பார்ட்டிகளில் மற்றவர்களைவிடக் குறைவாகத்தான் குடிப்பான்; பல பார்ட்டிகளுக்குப் போகவே மாட்டான். அதனால் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. மூன்றாம் ஆண்டில் அரியர்கள் குவிந்து, வருகைப் பதிவு குறைந்து, ஒரு தேர்வு அறையில் வாசம் பிடித்துப் பிடிபட்டபோது எல்லாரும் கேட்டது ஒன்றுதான்: “அமைதியான பையனாச்சே, இவனா?”

அமைதியான பையன் என்பதுதான் விஷயமே. கல்லூரி மாணவர்களின் சமூகப் பயத்தையும் குடியையும் பற்றி வெளிநாடுகளில் நடந்த பல ஆய்வுகளை ஒன்றாகத் தொகுத்து 2013-இல் ஒரு பகுப்பாய்வு வெளியானது. கூச்சமும் பயமும் அதிகமுள்ள மாணவர்கள் அளவில் மற்றவர்களைவிடக் குறைவாகவே குடிக்கிறார்கள். ஆனால் குடியால் வரும் சிக்கல்கள் அவர்களுக்கு அதிகம் என்பதே அதன் முடிவு. கூட்டமாகக் குடிக்கும் இடங்களை அவர்கள் தவிர்ப்பதால் மொத்தக் கணக்கு குறைகிறது. ஆனால் அவர்கள் குடிக்கும்போது ஒரு காரணத்துக்காகக் குடிக்கிறார்கள்: மனதை மரத்துப்போகச் செய்வதற்கு. அப்படிக் குடிப்பதுதான் ஆளைப் பிடித்துக்கொள்கிறது. ஆகவே ‘எவ்வளவு குடிக்கிறான்’ என்று மட்டும் பார்க்கும் வார்டனுக்கும் பெற்றோருக்கும் ஆபத்தில் இருப்பவன் தெரியவே மாட்டான். சத்தம் போட்டு ஆடுகிறவன் மாட்டுவான். தனியாக, அளந்து, தேர்வுக்கு முன் குடிக்கிறவன் கடைசியில்தான் வெளியே வருவான்.

உடம்புக்குள் நடப்பதையும் சொல்ல வேண்டும். காரணம், “குடிச்சாத்தான் டென்ஷன் குறையுது” என்று மாணவர்கள் சொல்வது பொய்யல்ல. மூளையை அமைதிப்படுத்தும் காபா என்ற வேதிப்பொருளின் வேலையை மது கூட்டுகிறது. மூளையைத் தூண்டும் குளுட்டமேட்டின் வேலையைக் குறைக்கிறது. சில மணி நேரம் படபடப்பு தணிகிறது. மூளை சும்மா இருப்பதில்லை. சமநிலைக்கு வர எதிர்ப்பக்கமாக இழுக்கிறது. மது இறங்கிய பிறகும் அந்த இழுப்பு நிற்பதில்லை. விடியற்காலை 3 மணிக்கு வியர்த்து விழிப்பு வருவதும், இதயம் அடித்துக்கொள்வதும், காரணமே தெரியாத பயமும், நேற்று என்ன பேசினோமோ என்ற கூச்சமும் அதனால்தான். தூக்கமும் ஆழமாக இருக்காது. அதாவது, பயத்தைக் குறைக்கக் குடித்தவனுக்கு மறுநாள் காலை முந்தைய நாளைவிடக் கூடுதல் பயம். அன்று மாலை மீண்டும் மருந்து தேவைப்படுகிறது. வட்டிக்கு வாங்கி வட்டி கட்டுவது மாதிரி, கடன் ஏறிக்கொண்டே போகும்.

இதில் நம் ஊருக்கே உரிய ஒரு கேடும் இருக்கிறது. டாஸ்மாக்கில் பிராந்தியோ ரம்மோ வாங்கப் போனால் கிடைக்கும் மிகச் சிறிய புட்டி 180 மில்லி, அதாவது குவார்ட்டர். அதில் ஆல்கஹால் 42.8 சதவீதம். கணக்குப் போட்டால் சுமார் 60 கிராம் சுத்த ஆல்கஹால். ஒரே அமர்வில் 60 கிராமும் அதற்கு மேலும் குடிப்பதைத்தான் உலக சுகாதார நிறுவனம் ‘மிகைக் குடி’ என்று வகைப்படுத்துகிறது. நம் இளைஞர்கள் ‘ஒரு குவார்ட்டர்தானே’ என்கிறார்களே, அந்த ஒரு குவார்ட்டரே எல்லைக்கோடு. 2023-இல் 90 மில்லி பாக்கெட் கொண்டுவரலாமா என்று அமைச்சர் பேசியபோது பெரும் எதிர்ப்பு கிளம்பியது. விலை குறைந்து இன்னும் பலர் குடிப்பார்கள் என்ற அந்த அச்சத்தில் நியாயம் உண்டு. ஆனால் கடையின் மிகச் சிறிய அளவே மிகை அளவாக இருக்கும் இப்போதைய நிலை பற்றி யாரும் பேசவில்லை.

தமிழ்நாட்டில் 21 வயது ஆகாதவருக்கு மது விற்பது சட்டப்படி குற்றம். கடைகளில் பலகையும் தொங்குகிறது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்து 17, 18 வயதில் சேர்ந்து 21-இல் பட்டம் வாங்குகிறவர்கள் நம் இளங்கலை மாணவர்கள். அப்படியென்றால் இளங்கலை வகுப்பில் உட்கார்ந்திருக்கும் ஏறக்குறைய யாருக்குமே மது விற்கக் கூடாது. எந்தக் கடையில் ஆதார் கேட்கிறார்கள்? கவுண்ட்டர் கம்பிக்குள் கை நீள்கிறது, பணம் போகிறது, புட்டி வருகிறது. கை யாருடையது என்று பார்க்க விற்பனையாளருக்கு நேரம் இல்லை. அவரைத் தனியாகக் குற்றம் சொல்லிப் பயனில்லை. வரிசையை நகர்த்துவதுதான் அவர் வேலை என்று ஆக்கி வைத்திருக்கிறோம். மாநகராட்சி, நகராட்சிப் பகுதிகளில் கல்வி நிலையத்திலிருந்து 50 மீட்டர், மற்ற இடங்களில் 100 மீட்டர் இடைவெளி வேண்டும் என்று விதி சொல்கிறது. 100 மீட்டர் என்பது பஸ் நிறுத்தத்திலிருந்து கல்லூரி வாசலுக்கு நடக்கும் தூரம்கூட இல்லை. 2003 நவம்பரில் மதுவின் சில்லறை விற்பனை டாஸ்மாக் மூலம் அரசின் கைக்கு வந்தது. 2023-24-இல் அதன் வழியாக அரசுக்குக் கிடைத்த வருவாய் 45 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல். விற்பவரும் அரசு, வயதைச் சரிபார்க்க வேண்டியவரும் அரசு, கெட்டுப்போனால் சிகிச்சை தர வேண்டியவரும் அரசு என்ற நிலையில், முதல் வேலை மட்டும் தவறாமல் நடக்கிறது.

தமிழ்நாட்டில் 18 முதல் 23 வயது வரை உள்ளவர்களில் உயர்கல்வியில் சேர்வோர் விகிதம் 47 சதவீதம். 2021-22-ஆம் ஆண்டுக்கான மத்திய அரசின் கணக்கெடுப்பு தரும் எண் இது. இந்திய சராசரி 28.4. பெருமைப்பட வேண்டிய எண். அதன் இன்னொரு பக்கம், வீட்டில் யாரும் கல்லூரி பார்த்திராத லட்சக்கணக்கான பிள்ளைகள் வகுப்பறைக்குள் வந்திருக்கிறார்கள் என்பது. செமஸ்டர் என்றால் என்ன, அரியர் விழுந்தால் என்ன ஆகும், குழு விவாதத்தில் எப்படிப் பேசுவது என்று கேட்க அவர்களுக்கு வீட்டில் ஆள் இல்லை. கல்விக்கடன் வாங்கியது தெரியும், தங்கச்சி படிப்பு தனக்குப் பிறகுதான் என்பது தெரியும், “நீ தலையெடுத்தாத்தான்” என்ற வாக்கியம் தெரியும். இந்தப் பாரத்தோடு வருகிறவனுக்குப் பதற்றம் வருவது குணக்கேடு அல்ல. மனநோய்களில் முக்கால்வாசி 24 வயதுக்குள் தலைகாட்டிவிடுகின்றன என்பது உலக அளவில் அறியப்பட்ட உண்மை. அதாவது நோய் தொடங்கும் வயதும், கல்லூரியும், கையில் சட்டென்று கிடைக்கும் மதுவும் ஒரே மூன்று நான்கு ஆண்டுகளில் வந்து சேர்கின்றன.

மாணவிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. அவர்களுக்கும் இதே பதற்றம், அவர்களிலும் குடிப்பவர்கள் உண்டு. ஆனால் ஒரு பையன் மாட்டினால் சஸ்பென்ஷன். பெண் மாட்டினால் படிப்பே நின்று, அவசரமாக வரன் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். அதனால் அவர்கள் உதவி கேட்டு வாய் திறப்பது இன்னும் அரிது.

சரி, உதவி கேட்டு ஒரு மாணவன் வருகிறான் என்றே வைத்துக்கொள்வோம். எங்கே போவான்?

கல்லூரி இணையதளத்தில் ‘மாணவர் ஆலோசனை மையம்’ என்று ஒரு பக்கம் இருக்கும். நான் பார்த்த ஒரு கல்லூரியில் அந்தப் பெயர்ப் பலகை மாட்டிய அறை பூட்டியிருந்தது. சன்னல் வழியாகப் பார்த்தால் பழைய விடைத்தாள் கட்டுகளும் விளையாட்டு விழா தட்டிகளும் அடுக்கியிருந்தன. ஆலோசகர் என்று குறிப்பிடப்பட்டிருந்தவர் வேதியியல் உதவிப் பேராசிரியர்; வாரத்துக்கு 16 மணி நேரம் வகுப்பு, தேர்வுப் பணி, சேர்க்கைக் காலத்தில் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளை பிடிக்கும் வேலை, இவற்றுக்கு மேல் ‘கூடுதல் பொறுப்பு’. நல்ல மனிதர். அவருக்கு இதில் ஒரு மணி நேரப் பயிற்சியும் யாரும் கொடுத்ததில்லை.

‘வழிகாட்டி ஆசிரியர்’ பதிவேடு என்று இன்னொன்று உண்டு. ஓர் ஆசிரியருக்கு இருபது மாணவர்கள். கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது காட்டுவதற்காக அழகாக பைண்டு செய்து வைத்திருப்பார்கள். ஒரு பதிவேட்டைப் புரட்டினேன். ‘மாணவரின் பிரச்னை’ என்ற கட்டத்தில் ‘படிப்பில் கவனக்குறைவு’. ‘எடுக்கப்பட்ட நடவடிக்கை’ என்ற கட்டத்தில் ‘அறிவுரை வழங்கப்பட்டது’. பக்கத்துக்குப் பக்கம் அதே இரண்டு வரிகள், ஒரே மையில், ஒரே நாளில் எழுதிய கையெழுத்து. அந்த இருபது பேரில் எத்தனை பேர் இரவில் தூங்காமல் இருக்கிறார்கள் என்று அந்தப் பதிவேட்டிலிருந்து தெரிந்துகொள்ள வழியே இல்லை.

ஆகஸ்ட் 11-இல் போதைக்கு எதிரான உறுதிமொழி எடுக்கிறோம். கல்லூரிதோறும் போதைப்பொருள் எதிர்ப்பு மன்றம் இருக்கிறது; ரங்கோலிப் போட்டி, சுவரொட்டிப் போட்டி, மனிதச் சங்கிலி நடக்கின்றன. இவற்றை நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் மாம்பழ ஜூஸ் பாட்டிலோடு நிற்கும் பையன் அந்த உறுதிமொழியைக் கையை நீட்டிச் சொல்லிவிட்டு, தன்னைத் தானே வெறுத்துக்கொண்டு அறைக்குத் திரும்புவான். குடி கெடுதல் என்பது அவனுக்குத் தெரியும். வேறு எப்படிப் பயத்தை அடக்குவது என்பதுதான் தெரியாது.

அதையும் மீறி அவன் பேசினால்? “மேடம்கிட்ட சொன்னா எச்.ஓ.டி.க்குப் போகும், எச்.ஓ.டி. வீட்டுக்கு போன் போடுவார்” என்பது விடுதிகளில் எல்லாருக்கும் தெரிந்த பாடம். இந்த ஒரு பயம்தான் மற்ற எல்லா ஏற்பாட்டையும் வீணாக்குகிறது. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், மது, போதைப்பொருள் பழக்கத்தோடு வரும் மனநிலைக் கோளாறுகளையும் மனநோய் என்றே வரையறுக்கிறது. தன் மனநலம் பற்றிய விவரம் ரகசியமாகக் காக்கப்படும் உரிமையையும் அந்தச் சட்டம் தருகிறது. 18 வயது நிறைந்த மாணவன் ஆலோசகரிடம் சொன்னதை, உயிருக்கு ஆபத்து போன்ற நிலை இல்லாதபோது, துறைத்தலைவரிடம் ஒப்பிப்பது சட்டத்தின் நோக்கத்துக்கே விரோதமானது. நம் கல்லூரிகளில் அது வழக்கமான நடைமுறை.

பயத்தின் விலை சில இரவுகளில் மிகக் கொடியது. அளவுக்கு மீறிக் குடித்து நினைவிழந்த நண்பனை மருத்துவமனைக்குக் கொண்டுபோனால் வார்டனுக்குத் தெரிந்துவிடும் என்று, மோர் ஊற்றி, எலுமிச்சை பிழிந்து, போர்வை போர்த்திப் படுக்க வைக்கிறார்கள். எழுப்பினால் எழாதவன், மூச்சு மெதுவாக விட்டுவிட்டு வருகிறவன், உடம்பு சில்லிட்டவன் மல்லாந்து படுத்த நிலையில் வாந்தியெடுத்தால் அது மூச்சுக்குழலில் போய் உயிரே போகலாம். அவனுக்கு வாயில் எதையும் ஊற்றக் கூடாது. ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். அழைக்க வேண்டிய விரல் மெமோவை நினைத்துத் தயங்குகிறது.

அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் இந்தத் தயக்கத்தைக் கண்டு 2002-இலேயே ஒரு விதி கொண்டுவந்தது. குடிபோதையில் ஆபத்தான நிலையில் இருப்பவருக்காக உதவி கேட்டு அழைத்தால், அழைத்தவர் மீதும் பாதிக்கப்பட்டவர் மீதும் ஒழுங்கு நடவடிக்கை கிடையாது. அதற்குப் பதில் ஆலோசனைக்கு வர வேண்டும். அதன் பிறகு உதவி கேட்டு வரும் அழைப்புகள் கூடின. பல பல்கலைக்கழகங்கள் அதைப் பின்பற்றின. இதற்குக் கட்டடம் வேண்டாம், நிதி வேண்டாம். ஒரு பக்கச் சுற்றறிக்கை போதும். நம் உயர்கல்வித் துறை நாளையே வெளியிடலாம். குடித்தவனைத் தட்டிக்கொடுக்கும் விதி அல்ல இது. தேர்வு அறைக்குக் குடித்துவிட்டு வந்தவன் மீதும், குடித்துவிட்டு அடிதடி செய்தவன் மீதும் நடவடிக்கை எடுக்கட்டும். தானாக வந்து “எனக்கு விட முடியல” என்கிறவன் மீதும், நண்பன் உயிரைக் காக்க வார்டன் கதவைத் தட்டுகிறவன் மீதும் எடுக்கக் கூடாது.

இந்த விதிக்கு அடுத்த தேவை, ஆலோசகர். உச்ச நீதிமன்றம் 2025 ஜூலை 25-இல் அளித்த தீர்ப்பில் நாடு முழுவதுக்குமான வழிகாட்டு நெறிகளை வகுத்திருக்கிறது. 100 அல்லது அதற்கு மேல் மாணவர்கள் உள்ள ஒவ்வொரு கல்வி நிறுவனமும் தகுதியுள்ள ஆலோசகரையோ உளவியலாளரையோ சமூகப் பணியாளரையோ குறைந்தது ஒருவரையாவது நியமிக்க வேண்டும். அதற்குக் குறைவான மாணவர்கள் இருந்தால் வெளியிலுள்ள மனநல நிபுணரோடு முறையான ஏற்பாடு வேண்டும். ஆசிரியர்களுக்கும் ஊழியர்களுக்கும் ஆண்டுக்கு இருமுறையாவது பயிற்சி தர வேண்டும். உதவி எண்களை விடுதியிலும் வகுப்பறையிலும் பெரிய எழுத்தில் எழுதி வைக்க வேண்டும். 2022-இல் மட்டும் நாட்டில் 13 ஆயிரத்துக்கு மேற்பட்ட மாணவர்கள் தற்கொலை செய்துகொண்டார்கள் என்ற தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்கைச் சுட்டிக்காட்டிய தீர்ப்பு இது. சட்டம் இயற்றும் வரை இதுவே சட்டம். ‘கூடுதல் பொறுப்பு’ வேதியியல் ஆசிரியர் இந்தத் தீர்ப்பின்படி ஆலோசகர் ஆகமாட்டார்.

சட்டத்தால் கல்லூரிகள் மாறுமா என்று கேட்கலாம். 1996-இல் சிதம்பரத்தில் மருத்துவ மாணவர் நாவரசு ராகிங்கில் கொல்லப்பட்டபோது தமிழ்நாடு கொதித்தது. 1997-இல் ராகிங் தடைச் சட்டம் வந்தது. இன்று எந்தக் கல்லூரி வாசலிலும் ராகிங் எதிர்ப்புப் பலகை இருக்கிறது, குழு இருக்கிறது, சேர்க்கையின்போது பெற்றோரிடமும் மாணவரிடமும் உறுதிமொழி வாங்குகிறார்கள். ராகிங் அடியோடு ஒழிந்துவிடவில்லை. ஆனால் ‘சீனியர்னா அப்படித்தான்’ என்ற பேச்சு போய்விட்டது. அரசு நினைத்தால் கல்லூரியின் பழக்கத்தை மாற்ற முடியும் என்பதற்கு நம்மிடமே சான்று இருக்கிறது.

“அத்தனை உளவியலாளர்களுக்கு எங்கே போவது?” என்று நிர்வாகங்கள் கேட்கும். நியாயமான கேள்விதான், பதிலும் இருக்கிறது. கோவாவில் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த, ஆபத்தான அளவில் குடிக்கும் ஆண்களிடம் ஓர் ஆய்வு நடந்தது. மருத்துவரோ உளவியலாளரோ அல்லாத, பயிற்சி பெற்ற உள்ளூர்க்காரர்கள் அதிகபட்சம் நான்கு முறை உட்கார்ந்து பேசினார்கள். 2017-இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த முடிவு: மூன்று மாதத்தில், ஆலோசனை பெற்றவர்களில் 36 சதவீதம் பேர் ஆபத்து எல்லைக்குக் கீழே வந்திருந்தார்கள், வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 26 சதவீதம். உலக சுகாதார நிறுவனத்தின் பத்துக் கேள்விகள் கொண்ட ‘ஆடிட்’ படிவம் யாருக்கும் இலவசம். நிரப்பச் சில நிமிடங்கள். பதற்றத்தை அளக்க ஏழே கேள்விகள் கொண்ட படிவம் இருக்கிறது. சமூகப் பணித் துறையும் உளவியல் துறையும் உள்ள கல்லூரிகள் தமிழ்நாட்டில் எத்தனையோ. அவற்றின் முதுகலை மாணவர்களுக்குப் பயிற்சி கொடுத்து, மேற்பார்வையோடு பக்கத்துக் கல்லூரிகளுக்கு அனுப்பினால் அவர்களுக்கும் களப்பயிற்சி ஆகும். இரண்டு படிவங்களையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பது முக்கியம். குடியை மட்டும் கேட்டால் பயம் ஒளிந்துகொள்ளும். பயத்தை மட்டும் கேட்டால் குடி ஒளிந்துகொள்ளும். பெயர் எழுதாமல் நிரப்பும் வசதியும் இருக்கட்டும்.

பதற்றம் குணமாகாத நோயல்ல. எண்ணத்தையும் நடத்தையையும் படிப்படியாக மாற்றும் பேச்சு சிகிச்சை, தேவைப்பட்டால் மருந்து என்று நன்றாகப் பலன் தரும் வழிகள் உண்டு. ஆனால் குடியை நிறுத்திவிட்டு வா, பிறகு பதற்றத்தைப் பார்க்கலாம் என்று மனநலப் பிரிவும், பதற்றத்தைச் சரிசெய்துகொண்டு வா என்று போதை மீட்பு மையமும் அலைக்கழிக்கக் கூடாது. இரண்டையும் ஒரே இடத்தில், ஒரே காலத்தில் பார்க்க வேண்டும். தமிழ்நாட்டில் எல்லா மாவட்டத்திலும் மாவட்ட மனநலத் திட்டம் இருக்கிறது. 2025-இல் ‘கலங்கரை’ என்ற பெயரில் 25 இடங்களில் ஒருங்கிணைந்த போதை மீட்பு மையங்கள் திறக்கப்பட்டன. மருத்துவக் கல்லூரிகளில் தொடங்கிய ‘மனம்’ மன்றங்களைப் பொறியியல், கலை அறிவியல் கல்லூரிகளுக்கும் கொண்டுபோவதாக அரசு 2022-இலேயே சொன்னது. வரவேற்க வேண்டியவை. ஆனால் அரசு மருத்துவமனையில் புறநோயாளிப் பிரிவு பெரும்பாலும் காலையில்தான். மாணவன் போக வேண்டுமென்றால் வகுப்பை விட வேண்டும், லீவு லெட்டரில் காரணம் எழுத வேண்டும், வருகைப் பதிவு குறையும். வாரத்தில் இரண்டு நாள் மாலை 5 மணிக்கு மேல் மாணவர்களுக்கென்று மனநலப் புறநோயாளிப் பிரிவு நடத்தினால் இந்தத் தடை போய்விடும். செமஸ்டர் தேர்வு நடக்கும் நவம்பர், ஏப்ரல் மாதங்களில் தினமும் நடத்தலாம்.

பெங்களூரு நிம்ஹான்ஸ் 2015-16-இல் நடத்திய தேசிய மனநலக் கணக்கெடுப்பில், மதுவால் கோளாறு வந்தவர்களில் 86 சதவீதம் பேருக்குச் சிகிச்சை கிடைக்கவில்லை என்று தெரிந்தது. 2019-இல் வெளியான எய்ம்ஸ் ஆய்வு, மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவர்தான் ஏதாவது ஒரு சிகிச்சை பெற்றிருக்கிறார் என்றது. இருபது வயதில் பிடித்து நிறுத்தாமல் விட்டவர்கள்தான் நாற்பது வயதில் அந்த 37 பேரில் இருக்கிறார்கள்.

பல்கலைக்கழகங்கள் இணைப்பு அங்கீகாரத்துக்கு ஆய்வுக் குழு அனுப்பும்போது நூலகப் புத்தகங்களை எண்ணுகிறார்கள், ஆய்வகத்தின் சதுர அடியை அளக்கிறார்கள், ஆசிரியர்களின் அசல் சான்றிதழ்களைக் கேட்கிறார்கள். அந்தப் படிவத்தில் ஆலோசகரின் நியமன ஆணையையும் சம்பளப் பட்டியலையும் கேட்கும் ஒரு பத்தியைச் சேர்க்கட்டும். ஆலோசகர் இல்லாத கல்லூரிக்கு அடுத்த ஆண்டு இடங்களைக் குறைக்கட்டும். டாஸ்மாக் தன் பங்குக்கு, கல்லூரிகள் உள்ள பகுதிக் கடைகளிலாவது வயது அடையாள அட்டை பார்க்காமல் புட்டி கொடுக்கக் கூடாது என்று ஆணையிட்டு, அதைச் சோதிக்கவும் வேண்டும்.

பெற்றோரிடமும் ஒரு வேண்டுகோள். சேர்க்கை சமயத்தில் பஸ் கட்டணம் எவ்வளவு, பிளேஸ்மென்ட் எத்தனை பேர் என்று கேட்கிறீர்கள். ஆலோசகர் யார், எத்தனை மணிக்கு இருப்பார், அவரிடம் என் பிள்ளை சொல்வது யாருக்குப் போகும் என்றும் கேளுங்கள். நாலு பெற்றோர் கேட்டால் அந்தப் பூட்டிய அறையிலிருந்து விடைத்தாள் கட்டுகள் வெளியே போகும்.

இதைப் படிக்கும் மாணவருக்கு: மனசு விட்டுப் பேச 14416 என்ற எண் இருக்கிறது. இலவசம், 24 மணி நேரமும், தமிழிலேயே பேசலாம். வாழவே வேண்டாம் என்று தோன்றினால் சென்னை சினேகா அமைப்பின் 044-24640050 என்ற எண்ணுக்கும் அழைக்கலாம். கொஞ்ச நாளாகத் தினமும் குடிக்கிறீர்கள் என்றால், வைராக்கியத்தில் ஒரே நாளில் நிறுத்திவிட்டு அறையில் தனியாகக் கிடக்காதீர்கள். சிலருக்குக் கை நடுக்கத்தோடு நிற்காமல் வலிப்புகூட வரும். அரசு மருத்துவமனை மனநலப் பிரிவுக்குப் போய் எவ்வளவு, எத்தனை நாளாக என்று உள்ளதை உள்ளபடி சொல்லுங்கள். எதற்காகக் குடிக்க ஆரம்பித்தீர்கள் என்பதையும் சொல்லுங்கள்.